ஹவாயின் அஹுபுவா எல்லைகள்: கோடு போட்டது யார்?

தொடங்கிய கேள்வி (4 ஜனவரி)

ஹவாயில் அஹுபுவா என்ற பழைய நிலப்பிரிவுகள் பீட்சா துண்டு மாதிரி மலையுச்சியில் கூராகத் தொடங்கிக் கடற்கரையில் அகலும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அளவு, வரைபடம், எல்லைக்கல் ஒன்றுமே இல்லாத காலத்தில் அதை எப்படி எல்லை என்று சொல்வது? அமெரிக்கர்கள் வந்து சர்வே செய்த பிறகுதான் உண்மையான எல்லையே வந்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு 9.40

மறுக்கிறேன். ஹவாய்த் தீவுகளிலேயே பெரிய தீவில் இருக்கும் ஹிலோ என்ற ஊரில், ஒரு சர்வே அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் பல கோப்புகளுக்கு மூல ஆவணம் எது தெரியுமா? 1870-களில் ஒரு முதியவர் சொன்ன சாட்சியம். அதைக் கேட்டு எழுதியவர் ஹவாய் அரசாங்கத்தின் எல்லைக் கமிஷனர். அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது 1898-ல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, தங்கள் அரசர் ஆண்ட நாட்டில், தங்கள் சட்டப்படி, ஏராளமான பெரிய நிலங்களின் எல்லையை முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்கும் முன்பே எல்லை இருந்தது. தீவுக்குள் மோக்கு, மோக்குவுக்குள் அஹுபுவா, அஹுபுவாவுக்குள் இலி, அதற்குள்ளும் சின்னச் சின்ன வயல்துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அஹுபுவாவைத் தலைவர் சார்பில் மேற்பார்த்தவர் கொனோஹிகி. வாய்க்கால் தண்ணீர் முறை, எந்த மாதம் எந்த மீனைத் தொடக்கூடாது என்பது, வரி வசூல், எல்லாம் அவர் பொறுப்பு. எவன் எந்த நிலத்துக்காரன் என்று தெரியாமல் வரி வாங்க முடியுமா?

மௌயி தீவில் புலேஹுனுயி என்ற நிலத்தின் எல்லை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1879-ல் வந்த தீர்ப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: தீவுகளின் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு பெயருள்ள பிரிவுக்குள் அடங்கியிருந்தது, அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதன் எல்லை தெரியும், சிலருக்கு அந்த அறிவைத் தனியாகக் கற்றுக்கொடுத்து, தகப்பனிடமிருந்து மகனுக்குக் கவனமாகக் கைமாற்றினார்கள். நீங்கள் கேட்கும் எல்லைக்கல் அந்த மனிதர்கள்தான்.

4 ஜனவரி, இரவு 11.05

படுக்கப் போகுமுன் அந்த பீட்சா துண்டைப் பற்றி. ஓவாஹு தீவின் கிழக்குக் கரையில் அந்தப் படம் ஓரளவு சரி. நான் வாழும் தீவில் எடுபடாது. நாளை விவரமாக எழுதுகிறேன்.

5 ஜனவரி

மௌனா கேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 4,200 மீட்டர் உயர மலை. துண்டு துண்டாக வெட்டியிருந்தால் சுற்றியுள்ள அத்தனை நிலமும் உச்சியில் ஒரு புள்ளியில் கூடவேண்டும். அப்படி இல்லை. மலையின் பெரும்பகுதி, உச்சி உட்பட, காஓஹெ என்ற ஒரே அஹுபுவாவுக்குள் இருக்கிறது. அதன் கடற்கரைப் பகுதி ஹமாகுவா வட்டாரத்தில் குறுகலான ஒரு பட்டை. மேலே போகப் போக விரிந்து, பக்கத்து நிலங்களின் தலையை எல்லாம் மூடிவிடுகிறது.

காரணம் ஒரு பறவை. உவாவு என்ற கடற்பறவை கடலில் இரைதேடி, மலையின் உயரத்தில் பொந்தில் குஞ்சு பொரிக்கும். கொழுத்த குஞ்சு தலைவர்களுக்கு உரிய உணவு. அதைப் பிடிக்கும் உரிமை காஓஹெக்காரர்களுடையது. கிழக்குச் சரிவில் ஹுமுஉலா என்ற நிலம் லௌபாஹோயேஹோயே பக்கம் கடலில் தொடங்கி, மற்ற ஹிலோ நிலங்களின் மேல்முனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மௌனா லோவாவின் எரிமலை வாய் வரை நீள்கிறது. மௌனா கேயா சரிவில் அதன் மேல் எல்லை எது தெரியுமா? மாமனே மரம் வளர்வது எங்கே நிற்கிறதோ, அதுவே.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் கர்ட்டிஸ் லயன்ஸ் என்ற சர்வேயர். ஹவாயில் பிறந்த மிஷனரி மகன், ஹவாய் மொழி சரளமாகப் பேசியவர். மௌயியில் ஹலேயாகலா எரிமலை விளிம்பில் இருக்கும் ஒரு பாறையையும் அவர் குறிப்பிடுகிறார். கிழக்கு மௌயியின் பெரிய நிலங்கள் அந்த ஒரு பாறையிலிருந்துதான் விரிந்து பிரிகின்றன. உங்கள் காணொளிக்காரர் அந்தப் பாறையை மனதில் வைத்துப் பேசியிருக்கலாம்.

ஓவாஹுவிலேயே வாயனாயே நிலம் தன் மலையோடு நிற்காமல், தாண்டி நடுச் சமவெளியில் இறங்கி எதிர் மலைத்தொடரின் முகடு வரை போகிறது. எனவே வடிவத்தை வைத்து அஹுபுவாவைப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். அங்கே வாழ்பவருக்கு என்னென்ன வேண்டும், அது எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்; கோடு அதன் பின்னால் போயிருக்கும்.

6 ஜனவரி

"அப்படியானால் 1870-களில் எதற்கு மறுபடி எல்லை முடிவு செய்தார்கள்?" என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இங்கேயே எழுதுகிறேன்.

1845 டிசம்பரில் அரசர் மூன்றாம் கமேஹமேஹா நில உரிமைகளை விசாரிக்க ஒரு வாரியம் அமைத்தார். 1848 ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நடந்தது மாஹெலே, அதாவது அரசரும் 240-க்கும் மேற்பட்ட தலைவர்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்டது. ஒரு பெரிய பேரேடு. ஒரு பக்கம் அரசருக்கு, எதிர்ப்பக்கம் தலைவருக்கு. அதில் எழுதியது நிலத்தின் பெயர் மட்டும். பரப்பு கிடையாது, நான்கெல்லை கிடையாது. இன்ன மோக்கு, இன்ன அஹுபுவா, அவ்வளவுதான். படித்த எவருக்கும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை அன்றைக்குச் சரியாகவே இருந்தது.

ஆனால் அந்த 1848-லும் 1849-லும் தட்டம்மையும் கக்குவானும் சளிக்காய்ச்சலும் வந்து ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போயின. 1872 கணக்கெடுப்பில் எல்லாத் தீவுகளிலும் சேர்த்து, வெளியிலிருந்து வந்தவர்களும் உட்பட, 56,897 பேர். எல்லையை மனதில் வைத்திருந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். மறுபக்கம் மாட்டுப் பண்ணைகள், கரும்பு. 1875-ல் அமெரிக்காவோடு கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கைக்குப் பிறகு ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அங்கே போனது. நிலத்தின் மதிப்பு ஏறியது. குத்தகைக்கு எடுப்பவனுக்குப் பெயர் போதாது, கோடு வேண்டும்.

இந்தத் தேவைக்கான எல்லைக் கமிஷன் சட்டம் 1862-லேயே வந்திருந்தது. 1868-ல் அதைத் திருத்தி, ஒவ்வொரு நீதி வட்டாரத்துக்கும் ஒரே கமிஷனர் என்று ஆக்கினார்கள். எங்கள் தீவில் நீண்டகாலம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரூஃபஸ் லைமன், ஹிலோவிலேயே பிறந்தவர். நில உரிமையாளர் மனு கொடுப்பார், பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போகும், விசாரணை நடக்கும், சாட்சிகள் வருவார்கள், சர்வேயர் அளப்பார், கடைசியில் எல்லைச் சான்றிதழ்.

6 ஜனவரி, சற்றுப் பின்

மேலே மாஹெலே பற்றி எழுதியதில் பொதுமக்களை விட்டுவிட்டால் கதை பாதிதான். 1850 ஆகஸ்ட் சட்டப்படி உழுதவர்களுக்கு அவர்கள் பயிரிட்ட துண்டும் வீட்டடியும் கிடைத்தன. குலேயானா என்பது அதுதான். மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தத் துண்டுகளைக் கட்டாயம் அளக்க வேண்டியிருந்தது. தலைவர்களின் பெரிய நிலங்களுக்குப் பெயரே போதுமாயிருந்தது. அரை ஏக்கர் சேப்பங்கிழங்கு வயல் வைத்திருந்தவன் சர்வேயருக்காகக் காத்திருக்க, ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரு வரியில் எழுதிக் கொடுக்கப்பட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும் இடம் இது.

8 ஜனவரி

சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் "எந்தச் சங்கிலி, எந்த வடக்கு?" என்று கேட்டிருக்கிறார். துறைக்காரர் கேள்வி. வணக்கம் ஐயா, விவரமாகவே சொல்கிறேன்.

குலேயானா அளவைகளைப் பற்றி, பிற்பாடு அரசு சர்வேக்குத் தலைவரான அலெக்சாண்டர் எழுதியதைப் படித்தால் தலை சுற்றும். ஒருவர் நிலம் அளக்க 66 அடிச் சங்கிலி, இன்னொருவர் 50 அடிச் சங்கிலி. ஒருவர் உண்மை வடக்கு, இன்னொருவர் காந்த வடக்கின் சராசரி, மிகப்பலர் காந்த ஊசி காட்டியதை அப்படியே எழுதியவர்கள். சர்வேயர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கவில்லை; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பொதுவான வரைபடமும் இல்லை. அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் துண்டுகளும், யாருக்கும் சேராத இடைவெளிகளும். அதைச் சீர்செய்யத்தான் 1870-ல் அரசு சர்வே தொடங்கியது. மௌயியின் சமவெளியில் அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுத் தீவு தீவாகப் போனார்கள்.

எரிமலைப் பாறையில் இரும்பு அதிகம். ஊசி இடத்துக்கு இடம் திரும்பும். உறைந்த குழம்பின் மேல் கைபேசியின் திசைகாட்டியை வைத்து நீங்களே பார்க்கலாம். பத்தடி நகர்ந்தால் வடக்கு வேறு பக்கம் போய்விடும்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம்: இங்கே திசைக்கோணத்தைத் தெற்கிலிருந்து அளப்பது வழக்கம். உண்மைத் தெற்கு பூஜ்யம், அங்கிருந்து வலச்சுற்றாக. இன்றைக்கு எழுதும் பத்திரத்திலும் அப்படித்தான். வேறு மாநிலத்தில் பயின்று இங்கே புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர் முதல் படத்தைத் தலைகீழாக வரைந்து கொண்டுவருவதுண்டு. அன்றைக்கு அலுவலகமே சிரிக்கும். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம்.

9 ஜனவரி, இரவு

சாட்சியம் எப்படி இருக்கும் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

முதலில் சாட்சி எங்கே பிறந்தார் என்று இருக்கும். எப்போது என்பதற்கு ஆண்டு வராது. முதலாம் கமேஹமேஹா பெலேலேயு என்ற போர்ப்படகுகளைச் செய்த காலத்தில் பிறந்தேன் என்பார் ஒருவர். பெரிய கொள்ளைநோய் வந்தபோது நான் நடக்கும் பிள்ளை என்பார் இன்னொருவர். அடுத்து, எல்லை எப்படித் தெரியும் என்பது. தகப்பன் காட்டினார், பாட்டன் காட்டினார்; அவர் பறவை பிடிப்பவர், அல்லது படகுக்கு மரம் வெட்டுபவர். இந்தத் தொழில் விவரம் ஒப்புக்குக் கேட்டதல்ல. காட்டின் மேல்பகுதிக்குப் போய்வரும் வேலை எவருக்கு இருந்ததோ அவருக்குத்தான் மேல் எல்லை தெரியும். மீனவருக்குக் கரையும் கடலும் தெரியும்.

அதன்பின் நடை. கடலில் இன்ன பாறை. அங்கிருந்து மேலேறினால் பழைய வீட்டடி. அதற்கு மேல் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும் ஓடை. இந்தக் கரை நம்முடையது, அந்தக் கரை அவர்களுடையது. பிறகு குக்குயி தோப்பு. பிறகு பறவை பிடிக்கப் போனவர்கள் இரவு தங்கிய குகை. பிறகு ஒரு கற்குவியல். பிறகு ஓஹியா மரங்கள் முடிந்து மாமனே தொடங்கும் இடம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர். ஒரே பக்கத்தில் இருபது முப்பது பெயர்கள். அவற்றில் பல இன்றைய எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன.

கடைசியில் பல சாட்சிகள் சொல்லும் ஒரு வரி உண்டு: இதற்கு மேல் எனக்குத் தெரியாது. முதல்முறை படித்தபோது கடந்து போனேன். இப்போது அந்த வரியைத்தான் தேடிப் படிக்கிறேன். இன்னும் ஒரு மைல் மேலே போய் நம் நிலம் என்று சொல்லியிருந்தால் சொந்த ஊருக்கு லாபம். தகப்பன் கூட்டிப்போகாத இடத்துக்கு அவர் தானும் போகவில்லை. குறுக்கு விசாரணையிலும் அதே பதில்.

10 ஜனவரி

"எல்லாச் சாட்சியும் உத்தமரா?" நியாயமான சந்தேகம். நேற்றைய குறிப்பைக் காலையில் திரும்பப் படித்தேன். உணர்ச்சியோடு எழுதியதில் மறுபக்கம் வரவில்லை.

முரண்பட்ட சாட்சியங்கள் நிறைய உண்டு. ஒரே பள்ளத்தை இரண்டு ஊர்க்காரரும் தங்களுடையது என்பார்கள். மனு போட்டவர் தலைவராகவோ, அவருக்குப் பின்னால் நிற்கும் குத்தகைக்காரராகவோ இருப்பார். சாட்சிகளைக் கூட்டிவருவதும் அவரே. தனக்கென்று ஆள் வைத்துப் பேச முடியாத சின்னக் குலேயானாக்காரன் அந்த அறையில் எவ்வளவு பேசியிருப்பான்? பெரும்பாலும் ஹவாய் மொழியில் சொன்னதை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். சுருக்கும்போது எது உதிர்ந்தது என்பதை இனி எவராலும் மீட்க முடியாது.

இருந்தாலும் என் முடிவு மாறவில்லை. பக்கத்து நிலக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவரும் தன் சாட்சிகளைக் கொண்டுவர, வெளிப்படையாக நடந்த விசாரணை அது. நீதிமன்றங்கள் இன்றுவரை அதை மதிக்கின்றன. மதிக்க வேண்டும்.

10 ஜனவரி, மாலை

"ஒரே நிலம் மூன்று இடத்தில் இருக்க முடியுமா?" முடியும். அதற்கு லெலே என்று பெயர். ஒபாமா படித்த புனஹோவ் பள்ளி இருக்கும் இலியையே பாருங்கள். ஊற்றும் சேப்பங்கிழங்கு வயலும் உள்ள துண்டு பள்ளி இருக்கும் இடத்தில். ஒரு துண்டு காகாஆகோ உப்பளத்தருகே கடற்கரையில். இன்னொன்று மானோவா பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவில், காடு. மூன்றும் சேர்ந்து ஒரே இலி. மீனும் உப்பும் கரையில், சோறு நடுவில், விறகு மேலே. பள்ளத்தாக்கு நெரிசலானபோது எல்லோருக்கும் எல்லாமும் கிடைக்க இப்படிப் பிரித்தார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

13 ஜனவரி

கடல் பக்க எல்லை. பழைய ஆவணங்களில் "கடலோரமாக" என்று மட்டும் இருக்கும். கடலோரம் எது? வாதம் 1968-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, மொலோகாய் தீவின் நிலம் ஒன்றை வைத்து. உரிமையாளர் தரப்பு, உயர்நீர் அளவைக் கணக்கிட்டுக் கோடு போட்டது. தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அலை ஏறி வரும் மேல்விளிம்பே எல்லை. செடி தொடங்கும் இடமோ அலை ஒதுக்கிய குப்பை வரிசையோ அதற்கு அடையாளம். எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள்? அந்தப் பகுதியின் பழைய குடிகளைக் கூப்பிட்டு, உங்கள் வழக்கத்தில் எது கரை என்று கேட்டார்கள். 1870-களில் கமிஷனர் செய்ததைத்தான் 1968-லும் செய்தார்கள். ரிச்சர்ட்சன் ஹவாய் வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஹவாயில் எந்த ஆடம்பர ஓட்டலின் முன்னாலும் மணலில் நீங்கள் துண்டை விரிக்கலாம் என்றால், அதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

எரிமலைக் குழம்பு கடலுக்குள் வழிந்து புதுநிலம் உண்டானால்? பக்கத்து நிலக்காரருக்குச் சேராது, மாநிலத்துக்கே. எங்கள் தீவின் புனா வட்டாரத்தில் 1955 வெடிப்பில் உண்டான நிலத்தைப் பற்றி 1977-ல் வந்த தீர்ப்பு. 2018-ல் அதே புனாவில் குழம்பு 700-க்கும் மேற்பட்ட வீடுகளை மூடியது. கடலுக்குள் புதுக்கரையும் உண்டானது. அந்த மாதங்களில் அடையாளக் கற்கள் எல்லாம் குழம்புக்கடியில் போன நிலங்களுக்கு நாங்கள் வரைபடம் தேடினோம். பாறையில் வெட்டிய சிலுவைக்குறி, இரும்புக் குழாய், வேலிக்கல், எதுவும் இல்லை. தொலைவில் மூடப்படாமல் நின்ற ஒரு குன்றின் முக்கோண அளவை நிலையத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது. 1870-களில் அந்த வலையை நெய்தவர்களுக்கு அன்று மனதார நன்றி சொன்னேன்.

15 ஜனவரி

தொடங்கிய நண்பரே எழுதியிருக்கிறார்: "சரி, எல்லை பழையதுதான், ஏற்கிறேன். ஆனால் எல்லோரிடமும் பட்டா இருக்கும் இந்தக் காலத்தில் அஹுபுவா எல்லையால் யாருக்கு என்ன?"

நிறைய இருக்கிறது. 1850 சட்டத்தின் ஏழாவது பிரிவு, தலைவர்கள் முழு உரிமை பெற்ற நிலங்களிலும் அங்கே குடியிருப்பவர்கள் விறகும் வீட்டு மரமும் கூரைப் புல்லும் 'தீ' என்ற செடியின் இலையும் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. குடிநீருக்கும் வழிக்கும் உரிமை தந்தது. அந்தப் பிரிவு இன்னும் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. 1978-ல் வழக்கவழி உரிமைகள் மாநில அரசியலமைப்புக்குள்ளும் வந்தன.

ஆனால் யாருக்கு அந்த உரிமை? 1982-ல் மொலோகாய் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உரிமையை ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்பில், கேட்டவர் அந்த அஹுபுவாவுக்குள் குடியிருக்கவில்லை என்று சொல்லி அவருக்கு மறுத்தும் விட்டது. அதாவது காட்டில் இலை பறிக்க ஒருவர் போகலாமா கூடாதா என்பதை, 1870-களில் ஒரு முதியவர் ஓடையின் எந்தக் கரையைக் காட்டினார் என்பது தீர்மானிக்கிறது.

15 ஜனவரி, இரவு

1982-உடன் நிறுத்தினால் தவறான படம் கிடைக்கும். 1992-ல் புனாவின் வாவோ கெலே காட்டைப் பற்றிய வழக்கில், வழக்கப்படி அப்படித்தான் செய்து வந்தார்கள் என்று நிரூபித்தால் தன் அஹுபுவாவுக்கு வெளியேயும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1995-ல் கோனா கடற்கரை வழக்கில், கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகம் இந்த உரிமைகளைக் காக்கக் கடமைப்பட்டது என்றது. நிரூபிக்க என்ன ஆதாரம் காட்டுவது? குடும்பத்து முதியவர்களின் வாக்கு, அதோடு அந்தக் கமிஷன் ஏடுகள். யார் எந்தப் பாதையில் எதற்காக ஏறினார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. எல்லை கேட்கப் போன கமிஷனர், தன்னை அறியாமல் வழக்கத்தையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஏடுகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஹொனலுலுவில் மாநில ஆவணக் காப்பகத்தில் நுண்படச் சுருளில் கிடைக்கும். தீவின் பெயரையும் அஹுபுவாவின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் பல தீவுகளில் நிலம் இருக்கும். மோக்குவின் பெயரும் தெரிந்தால் பாதி நாள் மிச்சம். பழைய எழுத்தில் இன்றைய உச்சரிப்புக் குறிகள் இருக்காது, அகரவரிசையில் அதற்கேற்பத் தேடுங்கள். நீங்கள் தேடும் நிலத்தின் மனுவை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள நான்கு நிலங்களின் விசாரணைகளையும் படியுங்கள். உங்கள் நிலத்தின் நல்ல சாட்சி பக்கத்து நிலத்தின் கோப்பில் பேசியிருப்பார்.